சிவப்புத் துணிப் பேரேடு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பருத்திக் கடையிலும் வத்தல் மண்டியிலும் கல்லாவை ஒட்டிக் கிடக்கும் நீளமான பேரேட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அன்றாட வரவு செலவு விழும் சிட்டை மெலிந்தது, சீக்கிரம் கசங்கிவிடும். பேரேடு அப்படியில்லை. முதுகில் சிவப்புக் காலிகோ துணி, உள்ளே பாரம் பாரமாக மடித்துத் தைத்த தாள். எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். எழுதுகிற கைக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்!

அந்தப் பணிவு தையலில் இருக்கிறது. மெழுகு தடவிய நூல் மடிப்புக்குள் சர்ரென்று ஓடும். இறுக்கினால் தாள் கிழியும், தளர்த்தினால் ஏடு ஆடும். நடுவிலுள்ள அந்த இழுப்பை பைண்டரின் விரல் மட்டுமே அறியும். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையைப் பூச்சி அண்டாது. ஆனால் இந்தக் கரிசல் வெயிலில் அது நொடியில் காய்ந்துவிடும், அவசரப்பட்டால் அட்டை வளைந்துகொள்ளும். அதனால் கொஞ்சமாகத் தடவி, துணியை உள்ளங்கையால் நீவி, திருகு பிரஸ்ஸில் ஏற்றி இறுக்கிவிட்டு, ராத்திரி முழுக்க அதைத் தொடாமல் இருக்கிறார் பைண்டர். அவர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, அப்படித் தொடாமல் இருப்பதுதான்.