தடவிப் பார்க்கும் வித்தை

இரவெல்லாம் காய்கறி மூட்டைகளைச் சுமந்து ஓடிய பிக்கப் வண்டியைப் பட்டறையில் நிறுத்தி, “அண்ணே, முன் டயர் உள்பக்கமாத் தின்னுது” என்று ஓட்டுநர் முறையிடும்போது, தொழில் தெரிந்த மேஸ்திரி உடனே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மேடையில் வண்டியை ஏற்றச் சொல்வதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லி, சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, டயரின் மேல் உள்ளங்கையை வைக்கிறார். அந்த முதல் ஸ்பரிசத்திலேயே விசாரணையில் பாதி முடிந்துவிடுகிறது.

பட்டன் என்று பட்டறைக்காரர்கள் வழங்கும் ரப்பர்க் கட்டைகளின் மேல், வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு முறையும், உள்ளிருந்து வெளிநோக்கி ஒரு முறையும் கையை மெல்ல இழுக்கும்போது, அடியிலிருந்து நுனிக்கு உருவினால் இசைந்து கொடுத்துத் திருப்பி உருவினால் விரலைக் கிழிக்கும் கரும்புத் தோகையைப் போல, ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த்திசையில் சுருக்கென்ற பிசிறும் தட்டுமானால், அந்தச் சக்கரம் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது என்பது நிச்சயம். உள்நோக்கிப் போகும் கை வழுக்கினால், முன் சக்கரங்களின் முகம் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் டோ-இன் மிகுதி. வெளிநோக்கி வரும் கை வழுக்கினால், அவை விலகித் திரும்பியிருக்கும் டோ-அவுட். ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் குறுக்கே தேய்கிற கணக்கு இது. சேலத்திலிருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நடையில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார்ச்சாலையில் குறுக்காக அரைத்ததற்குச் சமானம்.

உள்விளிம்பு தேய்ந்திருந்தும் கைக்குப் பிசிறே தட்டவில்லையானால் விஷயம் வேறு. அது சக்கரம் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பதன் லட்சணம், கேம்பர் என்பார்கள். பட்டை ஸ்பிரிங்கும் ஒரே அச்சும் கொண்ட வண்டிகளில் இந்தச் சாய்வு அச்சிலேயே அமைந்துவிட்டது, திருகித் திருத்த அதில் இடமில்லை. ஆகையால் சக்கரம் திரும்புவதற்கு முளையாக இருக்கும் கிங் பின் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது ஏதோவொரு பள்ளத்தில் அச்சு வளைந்திருக்க வேண்டும் என்று மேஸ்திரியின் அனுமானம் அங்கே தாவுகிறது. ஓட்டுநரின் புகார் என்னவோ ஒன்றுதான். அதற்குள் ஒளிந்திருக்கும் இரு காரணங்களை ஒரு பிசிறின் இருப்பும் இன்மையும் பிரித்துவிடுகின்றன என்பதே இந்த வித்தையில் நான் மிகவும் ரசிக்கும் நுட்பம். இரு விளிம்பும் ஒருசேரத் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி என்பதையெல்லாம் பஞ்சர் கடைப் பையனே சொல்லிவிடுவான். பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஜாக்கி ஏறுகிறது. தரையை விட்டெழுந்த சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆட்டம் தெரிந்தால், உதவிப் பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுகிறார். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங் பின்னோ பால் ஜாயிண்டோ. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால் டை ராட் எண்டு. இந்த ஆட்டங்களைத் தீர்க்காமல் செய்கிற அலைன்மென்ட் அடுத்த வேகத்தடை வரைக்கும்கூட நிலைக்காது.

இயந்திரத்தை நான் இகழவில்லை. டிகிரியின் சின்னஞ்சிறு பின்னங்களைத் திருத்துவதற்கு அதுதான் வேண்டும். ஆனால் அது அளப்பது மேடையில் வெறுமையாய், அசையாமல் நிற்கும் வண்டியை. பின் அச்சுக்கும் பின்னால் பாரம் நீட்டி, முகம் சற்றே மேலே தூக்கிக்கொண்டு ஓடும்போது முன் சக்கரங்களின் கோணங்கள் எப்படி மாறின என்பது, அந்தப் பாரத்தோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டயருக்குத்தான் தெரியும். தேய்மானம் தெரிந்த மறுகணமே டயர்களை இடம் மாற்றிப் போடுகிறவர்கள் இந்தச் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம், எந்த விளிம்பு என்பதை அறிய வழியில்லாத மேஸ்திரிக்கு அதன்பின் ஊகம்தான் மிச்சம்.

ஆகவே வண்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: முன் டயரைக் கழற்றும்போது, அது இடதா வலதா, எது வெளிப்பக்கம் என்று சாக்பீஸால் அதன்மேல் எழுதிவையுங்கள்; மேஸ்திரி தடவிப் பார்க்கும் வரையில் அதைப் பழைய டயர்க்காரரிடம் தள்ளிவிடாதீர்கள்.