நயினாரும் மேலதிகாரியும்: டானியல் நாவல்களில் தொழிலுறவு

தொழிற்றலக் கொடுமையை மேலிருப்பவனின் குணக்கேடாகக் காட்டுவது நமது புனைகதையின் நெடுநாளைய வழக்கம். கெட்டவன் திருந்தினாலோ, நல்லவனொருவன் அவ்விடத்துக்கு வந்தாலோ கதை முடிந்துவிடும். கே. டானியலின் (மறைவு 1986) நாவல்கள் இவ்வழக்கத்தை முறித்தன. சாதியக் கொடுமையைச் சித்திரித்தவர் என அவரைப் பாராட்டியோர் இதனைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக் குடிமைத் தொழிலாளி எளிதில் வேலையை விட்டு விலக முடியாதவன். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தேசவழமை தொகுக்கப்பட்டபோது அடிமைகள் உடைமையாகவே அதில் இடம்பெற்றனர். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது; நிலவுடைமை அசையவில்லை. குடிசை நயினாரின் காணியில். கள் இறக்கும் பனை அவருடையது. குடிதண்ணீருக்கும் அவர் கிணற்றடியிற் காத்து நிற்க வேண்டும். எதிர்த்து ஒரு சொல் சொன்னால் ஆலைத் தொழிலாளி கூலியை இழப்பான். இவனோ கூலியோடு குடியிருப்பையும் தண்ணீரையும் இழப்பான். இத்தகைய உறவில் நயினார் நல்லவரா கெட்டவரா என்ற வினா இரண்டாம்பட்சமானது.

‘பஞ்சமர்’ (1972) இதனை உணர்ந்து எழுதப்பட்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இருந்தும் தேநீர்க்கடைகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இன் மாவிட்டபுரப் போராட்டமும் தேவைப்பட்டன. அவ்வியக்கத்தில் நின்றவர் டானியல். அதனாலேயே தலைமை என்பது அவரது நாவலில் முற்றத்துக் கதிரையிலிருந்து இறங்கி வருவதில்லை, அடியிலிருந்து எழுகிறது.

குறையும் உண்டு. எசமானரை வர்க்கமாகக் காட்டும் முனைப்பில் அவர்களுட் பலரை ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார். கலைத்தன்மை போதாது என்றோரின் கூற்றில் இவ்வளவு உண்மை உண்டு, அதற்குமேல் இல்லை. வேளாளக் குடும்பமொன்றோடு பிணைக்கப்பட்ட குடிகளின் கதையான ‘அடிமைக’ளில் (1984), பணிவு தலைமுறை தலைமுறையாக உடம்பிற் படியும் விதத்தை அவர் நிதானமாகவே காட்டினார்.

அப்பணிவு வயலோடு நின்றுவிடவில்லை. கந்தோரிலும் பல்கலைக்கழகத் துறையிலும் நயினார் என்ற சொல் இல்லை. பதவியுயர்வுப் பத்திரத்தில் இடவேண்டிய கையொப்பம் உண்டு. காணியும் கிணறும் சொந்தமாயுள்ள நாம் அதற்கே அடங்கிவிடுகிறோம். காலையில் ‘பஞ்சம’ரை விளக்கிவிட்டு, மாலைக் கூட்டத்தில் தற்காலிக விரிவுரையாளர் ஒருவர் அவமதிக்கப்பட்டபோது குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன்.