24 பிட் பாட்டும் பட்டாபிராம் ராத்திரியும்

போன வாரம் ஒரு செயலியில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைத் தேடினேன். பக்கத்தில் 'ஹை-ரெஸ், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்' என்று ஒரு முத்திரை. இதுக்காகவே ஒரு டிஏசி வாங்கிடலாமா என்று கை பரபரத்தது. வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1982-ல் கடைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து 16 பிட்டில் எழுதுகிறது. நைக்விஸ்ட் விதிப்படி, அளக்கும் வேகத்தில் பாதி வரை, அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒலியை அப்படியே மீட்கலாம். இளங்காதுக்கே எல்லை 20. ஐம்பதைத் தாண்டிய என் காதுக்கு 12-க்கு மேல எதுவும் கேட்கறதில்ல.

ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96. பட்டாபிராமில் எங்க வீடு தண்டவாளத்தை ஒட்டி. கடைசி மின்சார ரயில் போன பிறகும், ஃபேன் ஓடினா ரூமில் 35 டெசிபல் இருக்கும். அதுக்கு மேல 96 வேணும்னா 131-ல் பாட்டு வைக்கணும். 120-லேயே காது வலிக்கும்! 24 பிட் தரும் 144-ஐ எங்கே வைக்கிறது?

ஸ்டூடியோவில் பதிவு செய்யும்போது 24 பிட் உதவும். அளவு கொஞ்சம் தப்பினாலும் சமாளிக்கலாம். ஆனா இந்தப் பாட்டு டேப்பில் பதிவானது. டேப்பில் 70 டெசிபல் கிடைத்தாலே பெரிசு. 12 பிட் போதும். மீதி பிட்டெல்லாம் டேப் இரைச்சலைத்தான் துல்லியமாகக் காப்பாற்றுகின்றன.

மறுதரப்பையும் சொல்லணும். 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டிச் செங்குத்தாக வெட்டும் வடிகட்டிகள் ஒலியின் நேர நுணுக்கத்தைக் கலைக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2016-ல் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார், கேட்டவர்கள் 52.3 சதவீதம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பூவா தலையா போட்டால் 50. வித்தியாசம் இருக்கு, ஆனா இவ்வளவுதான்.

நானும் வீட்டில் முயன்றேன். ஹை-ரெஸ் கோப்பையும், அதையே சிடி தரத்துக்கு மாற்றியதையும் மகள் மாற்றி மாற்றிப் போட்டாள். 16 முறையில் 9 சரி. "சும்மா அடிச்சு விடறீங்கப்பா" என்றாள். உண்மைதான்.

ஆனா அதே பாட்டின் பழைய சிடிக்கும் இந்தப் புதுப் பதிப்புக்கும் வித்தியாசம் உடனே தெரிந்தது. புதுசில் சத்தத்தை ஏற்றி, மெல்லிய இடங்களை அமுக்கியிருக்கிறார்கள். அதுக்கும் பிட்டுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த டேப்பிலிருந்து எடுத்தது, அது மூலமா நகலா, மாஸ்டரிங் செய்தது யார்? முத்திரையில் இருக்க வேண்டிய தகவல் இதுதான். மூல டேப் பூஞ்சை பிடித்துப் போனால் 24 பிட்டாலும் மீட்க முடியாது.

டிஏசி வாங்கவில்லை. பழைய சிடியைத் துடைத்துப் போட்டேன்.