பாக்கெட் பிசியின் ஸ்டார்ட் மெனு: ஏழு இடங்களும் அவற்றை நிரப்பும் முறையும்

விண்டோஸ் மொபைல் 2003 இயங்கும் பாக்கெட் பிசியில் ஸ்டார்ட் மெனு திரையின் இடது மேல் மூலையில் இருக்கிறது. அங்குள்ள விண்டோஸ் கொடிச் சின்னத்தை ஸ்டைலஸால் தொட்டால் மெனு கீழ்நோக்கி விரியும். மேசைக் கணினியில் கீழிருந்து மேலே எழும் மெனுவுக்குப் பழகிய கைக்கு இது முதலில் புதிதாக இருக்கும். 1998-ல் வந்த பாம்-சைஸ் பிசிக்களில் மெனு கீழேதான் இருந்தது. 2000-ல் பாக்கெட் பிசியை வெளியிட்டபோது மைக்ரோசாஃப்ட் அதை மேலே ஏற்றி, கீழ்ப் பட்டையை அந்தந்த நிரலின் கட்டளைகளுக்கும் எழுத்துப் பலகைக்கும் விட்டுக்கொடுத்தது. உள்ளங்கை அளவுத் திரையில் அது சரியான முடிவு. ஆனால் அந்த மெனுவுக்குள் தொழிற்சாலையிலேயே அடுக்கிவைக்கப்பட்ட வரிகள் சரியானவை அல்ல. அவற்றை மாற்றிக்கொள்ளாதவர் சாதனத்தின் வேகத்தில் பாதியைத்தான் அனுபவிக்கிறார்.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட சாதனம் 2003-ல் வந்த ஹெச்.பி. ஐபேக் ஹெச்2210. 400 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்ஸ்கேல் செயலி, 64 எம்.பி. ரேம், 3.5 அங்குலத் திரை, எஸ்.டி. கார்டுக்கும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுக்கும் தனித்தனி இடம் என்று அந்தக் காலத்துக்கு நிறைவான கருவி. டெல் ஆக்ஸிம் எக்ஸ்5 உள்ளிட்ட அதன் சமகாலத்துக் கருவிகளுக்கும் இங்கே சொல்லப்படுவது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். மெனு இயங்குதளத்தின் பகுதி. தயாரிப்பாளர்கள் அதில் அதிகம் கைவைக்கவில்லை.

திரையில் மொத்தம் 240-க்கு 320 புள்ளிகள். மேல் பட்டைக்கு 26, கீழ்ப் பட்டைக்கு 26 போக, நடுவில் எஞ்சுவது 268 புள்ளி உயரம். மெனு இந்த உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அதன் தலைப்பில் அண்மையில் திறந்த நிரல்களின் சிறிய ஐகான்கள் ஒரு வரிசையாக நிற்கும். அடுத்து ‘டுடே’ என்ற முகப்புத் திரை. அதன் கீழே பயனர் தேர்ந்தெடுக்கும் நிரல்கள். கடைசியில் ப்ரோகிராம்ஸ், செட்டிங்ஸ், ஹெல்ப் போன்ற நிலையான வரிகள். மாற்ற முடிவது நடுப்பகுதி மட்டுமே. அதில் ஏழு நிரல்களுக்குத்தான் இடம்.

மாற்றும் வழி எளிது. ஸ்டார்ட், செட்டிங்ஸ், அங்கே ‘பெர்சனல்’ பக்கத்தில் ‘மெனுஸ்’. நிரல்களின் பட்டியல் ஒன்று தேர்வுக் கட்டங்களோடு திறக்கும். கட்டத்தில் குறியிட்டவை ஸ்டார்ட் மெனுவுக்கு வரும். குறி நீக்கியவை ப்ரோகிராம்ஸ் பக்கத்துக்குப் போகும். ஒரே நிரல் இரண்டு இடத்திலும் தெரியாது. ப்ரோகிராம்ஸில் ஏதோ ஒரு ஐகானைக் காணோமே என்று தேடுபவர் முதலில் மெனுவைப் பார்ப்பது நல்லது. இதே அமைப்பில் ‘நியூ மெனு’ என்று இன்னொரு பக்கம் உண்டு. அதை இயக்கினால் கீழ்ப் பட்டையின் ‘நியூ’ பொத்தானோடு ஒரு சிறு அம்புக்குறி சேரும். எந்த நிரலில் இருந்தாலும் புதிய சந்திப்பையோ குறிப்பையோ தொடங்க அது உதவும். அடிக்கடி குறிப்பெடுப்பவர்கள் அதை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஏழு இடங்களை எதற்குக் கொடுப்பது என்பதே உண்மையான கேள்வி. தொழிற்சாலை அமைப்பில் நாள்காட்டி, தொடர்புகள், இன்பாக்ஸ் ஆகியவை மெனுவில் இருக்கின்றன. அதே மூன்றுக்கும் சாதனத்தின் முகத்தில் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. டுடே திரையிலும் அடுத்த சந்திப்பு, படிக்காத அஞ்சல்கள், முடியாத வேலைகள் வரிவரியாகத் தெரிகின்றன. வரியைத் தொட்டால் அந்த நிரல் திறந்துவிடும். நாள்காட்டிக்குப் போக மூன்று வாசல்கள். கோப்புகளைப் பார்க்கும் ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கோ ப்ரோகிராம்ஸைத் திறந்து உருட்டித் தேடும் ஒரே வாசல். பொத்தானிலோ டுடே திரையிலோ ஏற்கெனவே இருப்பதை மெனுவிலிருந்து எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. அதிலேயே இரண்டு மூன்று இடங்கள் காலியாகிவிடும்.

காலியான இடங்களில் முதலாவது ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு உரியது. அடுத்து, தினமும் பலமுறை திறந்து மூடும் சிறு நிரல்கள்: கணிப்பான், அகராதி, மின்னூல் வாசிப்பான். நாளுக்கு ஒருமுறை திறந்து நெடுநேரம் பயன்படுத்தும் நிரல்களுக்கு மெனுவில் இடம் கொடுக்க வேண்டியதில்லை. அவற்றைத் தேடிப் போகும் இரண்டு கூடுதல் தொடுதல்கள் யாருக்கும் பாரமாக இராது. நாளெல்லாம் சேர்ந்து நேரத்தைத் தின்பது சின்ன வேலைகளுக்கான பெரிய பயணங்கள்தான்.

தலைப்பிலுள்ள அண்மை நிரல்களின் வரிசையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பயனரின் விருப்பத்தைக் கேளாமல் அது தானே மாறிக்கொண்டிருக்கும். ஓர் ஐகானை அங்கே நிலையாக நிறுத்திவைக்கும் வசதி இல்லை. ஆனாலும் அதற்கு வேறொரு பயன் உண்டு. பாக்கெட் பிசியில் மேல் வலது மூலையின் பெருக்கல் குறியைத் தொட்டால் நிரல் மூடாது, பின்னால் ஒதுங்கி நிற்கும். ஒதுங்கிய நிரலை உடனே முன்னால் அழைக்க அந்த வரிசையே குறுக்குவழி. நிரல்களுக்கிடையே தாவ அதையும், புதிதாகத் திறக்க ஏழு வரிகளையும் கையாண்டால் ப்ரோகிராம்ஸ் பக்கத்துக்குப் போகும் தேவை வெகுவாகக் குறையும்.

‘மெனுஸ்’ அமைப்பின் குறை, அது ஏற்கெனவே ஷார்ட்கட் உள்ள நிரல்களை மட்டுமே காட்டுகிறது என்பது. ஓர் ஆவணத்தையோ, ஒரு ஃபோல்டரையோ, செட்டிங்ஸின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தையோ மெனுவில் வைக்க அதில் வழியில்லை. நிறுவல் இல்லாமல் கார்டில் நகலெடுத்துப் போட்ட நிரலும் பட்டியலில் வராது. இதைத் தாண்ட, மெனு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். ஸ்டார்ட் மெனு என்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். அதற்குள்ளே ப்ரோகிராம்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர். ‘மெனுஸ்’ பட்டியலில் குறியிடும்போது நடப்பதெல்லாம் ஒரு ஷார்ட்கட் கோப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்வதுதான்.

ஆகவே ஃபைல் எக்ஸ்ப்ளோரரே முழுமையான கருவி. வேண்டிய நிரல் கோப்பின் மேல் ஸ்டைலஸை அழுத்திப் பிடித்து ‘காப்பி’ என்று கொடுக்க வேண்டும். பிறகு ப்ரோகிராம்ஸ் ஃபோல்டருக்குப் போய் வெற்றிடத்தில் அழுத்திப் பிடித்து ‘பேஸ்ட் ஷார்ட்கட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பேஸ்ட்’ என்று மட்டும் கொடுத்தால் நிரலின் நகலே உள்ளே விழுந்து நினைவகத்தை அடைத்துக்கொள்ளும், 64 எம்.பி. சாதனத்தில் அது வீண் செலவு. புதிய ஷார்ட்கட் ‘ஷார்ட்கட் டு’ என்று தொடங்கும் நீண்ட பெயரோடு வரும். மீண்டும் அழுத்திப் பிடித்து ‘ரீநேம்’ கொடுத்துப் பெயரைச் சுருக்கிவிடலாம். சாதனத்தை ரீசெட் செய்ய வேண்டியதில்லை.

ஆவணங்களுக்கும் இதே முறை. தினமும் திறக்கும் கணக்குத் தாளின் ஷார்ட்கட்டை ஸ்டார்ட் மெனு ஃபோல்டரில் ஒட்டினால், கொடியைத் தொட்டு அதைத் தொட, பாக்கெட் எக்ஸெல் அந்தத் தாளோடு திறக்கும். நிரலைத் திறந்து, பட்டியலில் கோப்பைத் தேடி, மறுபடி தொடும் வேலை இல்லை. ஏழு இடங்களில் ஒன்றையாவது இப்படி ஓர் ஆவணத்துக்குக் கொடுப்பது மிகப் பயனுள்ள மாற்றம். தமிழில் பெயர் வைக்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டும்: சாதனத்தோடு வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு சேர்க்காத வரை பெயர் வெறும் கட்டங்களாகவே தெரியும்.

இன்னும் ஒரு படி உள்ளே போக விரும்புபவர்களுக்கு ஷார்ட்கட்டின் அமைப்பே வழிவிடுகிறது. மேசைக் கணினியின் ஷார்ட்கட் சிக்கலான இருமக் கோப்பு. விண்டோஸ் மொபைலின் அடித்தளமான விண்டோஸ் சிஇ-யின் ஷார்ட்கட் ஒரே வரியில் எழுதிய சாதாரண உரை. கணிப்பானின் ஷார்ட்கட்டைத் திறந்து பார்த்தால் முதலில் 17 என்ற எண், அடுத்து # குறி, அதன்பின் நிரலின் முழுப் பாதை. அந்தப் பாதையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கைதான் 17. பாதைக்குப் பின்னால் இடைவெளி விட்டுக் கூடுதல் சொற்களையும் சேர்க்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் பாதைக்குப் பின் ஒரு ஃபோல்டரின் பாதையைச் சேர்த்தால் அந்த ஃபோல்டர் நேரே திறக்கும். செட்டிங்ஸ் பக்கங்களைத் திறக்கும் நிரலின் பாதைக்குப் பின் பக்கத்தின் எண்ணைச் சேர்த்தால் மின்சக்தி, நினைவகம், திரை வெளிச்சம் போன்ற பக்கங்கள் ஒரே தொடுதலில் வந்துவிடும். இந்த எண்கள் இயங்குதளப் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. சோதித்துப் பார்த்தே பெயரிட வேண்டும். இப்படிக் கையால் எழுத, சாதனத்திலேயே இயங்கும் டோட்டல் கமாண்டர் போன்ற கோப்பு மேலாளர் ஒன்று வசதி. பாதையில் இடைவெளி உள்ள பெயர் வந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க மறக்கக் கூடாது.

மெனுவைச் சீர்செய்தவர் ப்ரோகிராம்ஸ் பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நிறுவும் ஒவ்வொரு நிரலும் அங்கே ஓர் ஐகானைப் போட்டுவிடுவதால் சில மாதங்களில் உருட்டி உருட்டித் தேடும் நிலை வந்துவிடும். விளையாட்டுகளுக்கு ஏற்கெனவே ‘கேம்ஸ்’ ஃபோல்டர் இருக்கிறது. அதைப் போலவே கருவிகள், வாசிப்பு என்று ஒன்றிரண்டு ஃபோல்டர்களை உருவாக்கி ஷார்ட்கட்களை ‘கட்’ செய்து உள்ளே ஒட்டலாம். ஃபோல்டர்கள் முதலிலும் நிரல்கள் பின்னரும் அகரவரிசையில் நிற்கும். வரிசையை மாற்ற வேறு அமைப்பு இல்லாததால், ஷார்ட்கட்டின் பெயருக்கு முன் 1, 2 என்று எண் சேர்ப்பதே நடைமுறையில் உள்ள உத்தி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போவது மட்டும் வேண்டாம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு தொடுதலைக் கூட்டும்.

வன்பொத்தான்களோடு இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. செட்டிங்ஸில் ‘பட்டன்ஸ்’ பக்கம், பொத்தானுக்கு ஒதுக்கக்கூடிய நிரல்களின் பட்டியலை இதே ஃபோல்டர்களிலிருந்துதான் எடுக்கிறது. ஷார்ட்கட் ஒட்டிய நிரல் அங்கேயும் தோன்றும். அதிகம் பயன்படாத பொத்தான் ஒன்றுக்கு மின்னூல் வாசிப்பானைக் கொடுத்துவிட்டால் மெனுவில் இன்னோர் இடம் மிஞ்சும்.

கார்டில் நிறுவிய நிரல்களை ஏழு இடங்களில் வைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. கார்டை எடுத்துவிட்டால் ஷார்ட்கட் தன் ஐகானை இழந்து வெற்றுச் சின்னமாக நிற்கும். தொட்டால் கோப்பு இல்லை என்ற செய்தி வரும். கார்டு உள்ளே இருந்தாலும், சாதனத்தை இயக்கிய அடுத்த சில விநாடிகளுக்கு இயங்குதளம் அதை அடையாளம் கண்டிருக்காது. அந்த இடைவெளியில் தொட்டாலும் அதே செய்திதான். நாள் முழுக்கத் தேவைப்படும் சிறு நிரல்களை உள் நினைவகத்திலும், பெரியவற்றைக் கார்டிலும் நிறுவுவது இதற்கு நல்ல தீர்வு. மேலும், விண்டோஸ் ஃபோல்டரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் தவறி அதில் ஷார்ட்கட் ஒட்டினால், ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் அந்த நிரல் தானே திறந்துகொள்ளும்.

மெனுவையே மாற்றியமைக்கும் வெளி நிரல்களும் அந்நாளில் பல வந்தன. விஸ்பார் அட்வான்ஸ் பக்கவாட்டில் அடுக்கடுக்காக விரியும் மெனுவையும் வண்ணத் தோற்றங்களையும் தந்தது. ஸ்பிபி பாக்கெட் பிளஸ் டுடே திரையிலேயே ஐகான்களைத் தாவல்களாக அடுக்கித் தந்ததோடு, பெருக்கல் குறியை உண்மையிலேயே நிரலை மூடும் பொத்தானாகவும் மாற்றியது. இரண்டாவது கூடுதல் பயனுள்ளது. ஏழு என்ற எல்லையை அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறது. ஆனால் இவை எப்போதும் பின்னணியில் இயங்கி ரேமில் பங்கு கேட்பவை. பத்துப் பன்னிரண்டு நிரல்கள் மட்டும் வைத்திருப்பவருக்குக் கையால் சீர்செய்த மெனுவே போதும்.

விண்டோஸ் மொபைல் 2003 சாதனங்களின் மிகப் பெரிய பலவீனம், பயனரின் கோப்புகளும் நிறுவல்களும் ரேமிலேயே இருப்பது. பேட்டரி முழுமையாகத் தீர்ந்தாலோ ஹார்ட் ரீசெட் செய்தாலோ எல்லாம் அழிந்து, மெனு தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அடுக்கி முடித்த கையோடு கார்டில் ஒரு முழு பேக்கப் எடுத்துவைப்பது அவசியம். ஸ்டார்ட் மெனு ஃபோல்டரை மட்டும் கார்டில் நகலெடுத்து வைத்தாலும் உதவும். நிரல்களை அதே இடங்களில் மறுபடி நிறுவி, ஷார்ட்கட்களைத் திருப்பி ஒட்டிவிடலாம்.

2005-ல் வந்த விண்டோஸ் மொபைல் 5.0 இந்தக் குறையைத் தீர்த்தது. கோப்புகள் ஃபிளாஷ் நினைவகத்துக்கு இடம்பெயர்ந்ததால் பேட்டரி தீர்ந்தாலும் மெனு அப்படியே இருந்தது. ‘மெனுஸ்’ அமைப்பும் ஷார்ட்கட் முறையும் அந்தப் பதிப்பிலும், 2007-ன் விண்டோஸ் மொபைல் 6-லும் தொடர்ந்தன. 2009-ல் 6.5 பதிப்பு தேன்கூட்டு வடிவில் திரை முழுக்க ஐகான்களைப் பரப்பி, பழைய மெனுவை நீக்கிவிட்டது. அதில் ஐகானை மேலே நகர்த்தும் கட்டளை மட்டும் இருந்தது. ஏழு வரிகளை அடுக்கும் வசதியை விரும்புபவர் பழைய கருவி ஒன்றைத் தேடி வாங்குவதானால் 6.1 வரையிலான பதிப்புகளையே பார்க்க வேண்டும். அவற்றிலும் 5.0 அல்லது அதற்குப் பிந்தையதே பாதுகாப்பான தேர்வு.