இசையரங்கில் தேவாரம்

தமிழிசைக் கிளர்ச்சிக்குத் தில்லையே தாயகமாயிற்று. 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அரசர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் 1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இற் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. மேடைகளில் தமிழ்ப்பாட்டு மிகுதியும் ஒலிப்பது அவற்றால் விளைந்த நன்மையே. ஆயினும், மொழி தமிழானமையளவிலே தேவாரத்துக்கு உரிய இடம் கிட்டிவிட்டதோ என்பது ஆராயற்பாலது.

அண்மையிற் கடலூரில் யாம் கேட்ட இசைவிழா ஒன்றில், பத்துப் பாடல்கொண்ட நமச்சிவாயத் திருப்பதிகத்தினின்று ஒரு பாடல் மட்டும், அரங்கின் கடைசியில், தாளமின்றி, இராகமாலிகை விருத்தமாக இசைக்கப்பெற்றது. குரல் இனியதே, அவையும் மகிழ்ந்தது. ஆனால், அப்பதிகத்தின் பண் காந்தார பஞ்சமம். ஓதுவார்கள் அதனைக் கேதாரகௌளையிற் பாடுவர். திருவிருத்தமும் திருத்தாண்டகமும் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடத்தக்கன. பண்ணும் கட்டளையும் உடைய பதிகங்களோ தாளத்தொடு பண்ணாங்கமாகப் பாடற்பாலன. இவ்வேறுபாடு ஒழியின், சொல் நிற்கும், பண் மறையும்.

'பண் மறைந்தால் என்னை?' எனின், கூறுதும். ஏடுகள் தில்லையிற் கிடைத்த பின்னரும், பண்ணின்றி அவை நிறைவுறாமை கண்டே, திருஎருக்கத்தம்புலியூர் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியைக்கொண்டு பண் வகுப்பிக்கப்பெற்றதெனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அங்ஙனம் மீண்டதனை, அதே நாட்டில், அப்பரடிகள் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரின் அருகிலேயே இழத்தல் தகுமோ?

விழா நடத்துவோர், ஓதுவார் ஒருவரையேனும் அழைத்து, ஒரு பதிகத்தை முழுதும் பண்முறை வழுவாது பாடுவிக்க. பாடகர், பாடுமுன் பண்ணின் பெயரை அவைக்கு அறிவிக்க. இவ்விரண்டும் செலவு மிக்கனவல்ல, கருத்தே வேண்டுவது.