வென்றவர் வரலாறு வேதமாகுமோ?

வெற்றிக்கு வழி சொல்லும் ஏடுகள் புத்தகக் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. வேலை தேடும் இளைஞன் வாங்குகிறான்; சிறுதொழில் தொடங்கியவன் வாங்குகிறான்; கண்விழித்துப் படிக்கிறான். பிறகு தோற்றுவிட்டாலோ, ஏட்டை ஐயுறுவதில்லை, தன்னையே நொந்துகொள்கிறான். அதனாற்றான் இவ்வகை நூல்களை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது கடமையென்று கருதுகிறோம்.

அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' என்னும் நூல் அது. நல்ல நிறுவனம் மேலான நிறுவனமாவது எங்ஙனம் என்பதே அதன் பொருள். 1,435 நிறுவனங்களை ஆராய்ந்து பதினொன்றைத் தேர்ந்தார். உயராத நிறுவனங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உழைப்பைக் குறைகூற மாட்டோம். ஆரவாரமற்ற, அடக்கமுள்ள தலைவரே நிறுவனத்தை உயர்த்துகிறார் என்ற அவர் கருத்து, தற்பெருமையைத் தலைமையென்று எண்ணுவோருக்கு நல்ல மருந்து. பாராட்டுகிறோம்.

ஆனால், மேன்மையை எந்தக் கோலால் அளந்தார்? பங்கின் ஆதாயத்தால்! பதினைந்து ஆண்டுகளில் பங்குச் சந்தையின் பொது ஆதாயத்தைப்போல மும்மடங்கேனும் ஈட்டினால் அது மேன்மை. தொழிலாளியின் கூலிக்கு அக்கோலில் இடமில்லை; வாங்குவோரின் நலத்துக்கும் இடமில்லை. அதனாலன்றோ சிகரெட் விற்ற பிலிப் மோரிசும் மேலோர் வரிசையில் வீற்றிருக்கிறது!

போகட்டும், அந்த மேன்மையாவது நிலைத்ததா? பதினொன்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி, 2007இல் ஏறத்தாழ 3,400 ஊழியரை வெளியேற்றியது. அவர்கள் செய்த குற்றம்? சற்றுக் கூடுதல் கூலி பெற்றது! 2008 நவம்பரில் அந்நிறுவனமே திவாலாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபேனி மே அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டது. வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் கணக்குகள் திறந்ததற்காக, 2016இல் வெல்ஸ் ஃபார்கோ 18.5 கோடி டாலர் தண்டம் கட்டியது.

பின்னாளில் வீழ்ந்ததை முன்கூட்டி அறியவில்லையென்று ஆசிரியரைக் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. வீழ்ச்சியைப் பற்றியே 2009இல் அவர் தனி நூலும் எழுதினார். குறை முறையில் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் காரணம் தேடினால், காரணம் கிடைக்காமலா போகும்? பில் ரோசன்சுவைக் 2007இல் எழுதிய 'தி ஹேலோ எஃபெக்ட்' இதைத்தான் எடுத்துக்காட்டுகிறது. இலாபம் வரும்போது தலைவரின் பிடிவாதம் 'உறுதி' எனப்படும். நட்டம் வந்தால் அதே பிடிவாதம் 'மூர்க்கம்' எனப்படும். பத்திரிகைச் செய்தியும் நேர்காணலும் அந்த ஒளியில் மயங்கியே பேசும். அவற்றையே சான்றாக அடுக்கினால், பலித்ததை மட்டும் பறைசாற்றும் சோதிடனுக்கும் ஆய்வாளருக்கும் இடைவெளி குறைந்துவிடாதா?

படிக்கவேண்டா என்கிறோமா? இல்லை, தோழர்களே, படியுங்கள்! படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதே வழியில் நடந்து தோற்றவர் எத்தனை பேர்? வெற்றியென்று அளந்தது எதை? அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார்? சாத்திரத்தைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம், சந்தையில் விற்கும் சாத்திரத்தின் முன் மட்டும் கைகட்டி நிற்பதா?