அழகுன்னு சொல்லிட்டா போதுமா?

2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்புலப் படத்தை ‘செம அழகு’ன்னு சொல்லி வால்பேப்பர் ஆக்கினோம். எனக்கு அந்தப் பாராட்டு பத்தவில்லை. அதில் வில்லாக வளைந்த கீற்றுகளைப் பாருங்கள். முன்னால் நிற்கும் எஸ்மேக்ஸ் 0723 என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் ஈர்ப்பு, பின்னாலுள்ள கேலக்ஸிகளின் ஒளியை வளைத்துப் பெரிதாக்குகிறது. ஒரே கேலக்ஸி இரண்டு மூன்று இடத்தில் தெரிகிறது. கேலக்ஸிகள் இப்படி லென்ஸாகலாம் என்று ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1937லேயே எழுதிவிட்டார். இவ்வளவு வளைக்க அந்தக் கூட்டத்தின் நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்தாலும் எடை போதாது. மிச்சம் கரும்பொருள். அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தக் கோணல்களை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். கோணலை ரசித்தால் மட்டும் போதாது, வாசிக்கவும் வேண்டும். இல்லையென்றால் படத்தின் முக்கியப் பாத்திரத்தையே தவறவிடுவோம்.